ஹை பீம் போடும் முன் லோ பீமைக் கவனியுங்கள்

இரவு எட்டு மணிக்கு மேல் விழுப்புரம், உளுந்தூர்பேட்டை பக்கம் வண்டி ஓட்டியவர்களிடம் கேட்டால் முதலில் சொல்வது இதைத்தான்: "எதிர்ல வர்றவன் லைட்டை இறக்கவே மாட்டேங்கிறான்." இறக்காமல் வருகிறவரைக் கேட்டால் அவரிடமும் ஒரு பதில் இருக்கும்: "லோ பீம்ல ஒண்ணுமே தெரியல சார்." இதை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. சர்வீஸுக்கு வரும் வண்டிகளைச் சுவருக்கு எதிரே நிறுத்தி லைட்டைப் போட்டுப் பார்த்தால், தாழ்த்திய ஒளியான லோ பீம் காலடியிலேயே விழுகிற வண்டிகளும் உண்டு, மரக்கிளையைத் தொடுகிற வண்டிகளும் உண்டு. ஹை பீமை எப்போது போடலாம் என்ற கேள்வியை அதனால் லோ பீமிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சரியாக வைத்த லோ பீமுக்கு மேலே ஒரு தெளிவான விளிம்பு இருக்கும். அந்த விளிம்புக்குக் கீழே வெளிச்சம், மேலே இருட்டு. பெரும்பாலான கார்களில் அந்த விளிம்பு ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் கீழே இறங்கிக்கொண்டே போகும்படி அமைத்திருப்பார்கள். விளக்கு தரையிலிருந்து 65 செ.மீ. உயரத்தில் இருந்தால், விளிம்பு 65 மீட்டர் தள்ளி ரோட்டைத் தொடும். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள் என்பதால் இடது ஓரத்தில் மட்டும் விளிம்பு சற்றே மேலேறி, ஓரத்தில் நடப்பவரையும் மைல் கல்லையும் கொஞ்சம் முன்னாலேயே காட்டும். வலப்பக்கம் தாழ்ந்தே இருக்கும். எதிரே வருகிறவரின் கண் அங்கேதான் இருக்கிறது. ஹை பீமுக்கு இந்த விளிம்பே கிடையாது. நேராக 100, 150 மீட்டரும் அதற்கு மேலும் போகும். எதிரில் யார் இருந்தாலும் அவர் முகத்தில்தான் விழும்.

இதை வேகத்தோடு சேர்த்துப் பாருங்கள். காய்ந்த ரோடு, நல்ல டயர், ஆபத்தைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை விநாடி என்று வைத்துக்கொண்டால், 60 கி.மீ. வேகத்தில் வண்டி நிற்க ஏறத்தாழ 45 மீட்டர் வேண்டும். 80-ல் 70 மீட்டர். 100-ல் 100 மீட்டர். லோ பீம் காட்டுவதோ அறுபது மீட்டர் சொச்சம். கறுப்பு வேட்டி, கறுப்புச் சட்டையில் போகும் ஐயப்ப பக்தர் என்றால் அதைவிடவும் குறைவு. ஆக லோ பீமில் 80, 90 போகிறவர், தன் கண்ணுக்கு எட்டாத இடத்தில்தான் நிற்க முடியும் என்ற கணக்கில் ஓட்டுகிறார். "தெரியவில்லை" என்று அவர் சொல்வது உண்மை. லைட்டை ஏற்றுவது அதற்குப் பாதி விடைதான். எதிரே வண்டி வந்ததும் அந்த விடையும் செல்லாது. அப்போது காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுப்பது ஒன்றே வழி.

போட வேண்டிய இடம், இறக்க வேண்டிய நேரம்

தெருவிளக்கு இல்லாத ரோடு, எதிரே யாரும் இல்லை, முன்னால் அருகில் எந்த வண்டியும் இல்லை. மூன்றும் சேர்ந்திருந்தால் தயங்காமல் ஹை பீம் போடுங்கள். போடாமல் இருப்பதும் தவறுதான். ரிஃப்ளெக்டர் இல்லாமல் ஓரத்தில் நிற்கும் கரும்பு டிராக்டரை லோ பீமில் பார்த்து 80-ல் நிறுத்த முடியாது. ஊருக்குள், தெருவிளக்கு உள்ள இடத்தில், டோல்கேட் அருகில் ஹை பீமுக்கு வேலையே இல்லை.

நால்வழிச் சாலையில் நடுவே மீடியனில் அரளிச் செடி வைத்திருப்பது அழகுக்காக மட்டுமல்ல, எதிர் வெளிச்சத்தைத் தடுக்கவும்தான். செடி அடர்ந்திருக்கும் நேரான பகுதியில் ஹை பீம் எதிரே காரிலோ பைக்கிலோ வருகிறவரைத் தொந்தரவு செய்யாது. செடி கருகிப் போன இடம், யூ-டர்ன் இடைவெளி, இடப்பக்கம் வளைகிற வளைவு ஆகிய மூன்றிலும் நம் வெளிச்சம் நேராக அந்தப் பக்கம் பாயும். அங்கே இறக்கிவிட வேண்டும். லாரி டிரைவர் உயரத்தில் உட்கார்ந்திருப்பவர்; செடிக்கு மேலாகவே அவருக்குக் கூசும்.

இருவழிச் சாலையில் இறக்கும் நேரம்தான் பலருக்குப் பிடிபடுவதில்லை. இரண்டு வண்டியும் 80-ல் வந்தால் ஒரு விநாடிக்கு 44 மீட்டர் நெருங்குகின்றன. 300 மீட்டர் இடைவெளி ஏழு விநாடியில் காலி. அதனால் எதிரே வருவது தெளிவாகத் தெரிந்ததுமே, சுமார் 300 மீட்டரில், இறக்கிவிடுங்கள். வளைவிலும் மேட்டிலும் வண்டி தெரிவதற்கு முன்பே அதன் வெளிச்சம் மரங்களில் ஏறி வரும். அதைப் பார்த்ததும் கை இறக்க வேண்டும். இறக்கும்போதே வேகத்தையும் பத்து இருபது குறைத்துக்கொள்ளுங்கள். அவருடைய வண்டி நம்மைத் தாண்டியதும் திரும்ப ஏற்றலாம்.

இரண்டு வண்டிகள் கடக்கும் அந்தச் சில விநாடிகள்தான் இரவின் மிக மோசமான நேரம். எதிர் வெளிச்சம் கண்ணுக்குள் சிதறி, நம் முன்னால் உள்ளதன் மேல் ஒரு வெள்ளைத் திரை போல விழுகிறது. இரண்டு லைட்டுக்கும் நடுவே ரோட்டைக் கடக்கிற ஆள் அந்தத் திரைக்குள் மறைந்தே போவார். வண்டி தாண்டிய பிறகும் கண் உடனே பழைய நிலைக்கு வராது. மூன்று விநாடி என்று குறைவாகவே வைத்தாலும், 80-ல் அது 66 மீட்டர் குருட்டு ஓட்டம்.

எதிரே வருகிறவர் இறக்கவில்லை என்றால் ஒரு முறை, வேண்டுமானால் இரண்டு முறை லைட்டை ஏற்றி இறக்கி டிம் டிப் அடித்துக் காட்டுங்கள். அவர் மறந்திருக்கலாம், ஹை பீம் எரிவதைக் காட்டும் டேஷ்போர்டின் நீல நிற விளக்கை அவர் கவனித்திருக்க மாட்டார். அதற்கும் இறக்காவிட்டால் பதிலுக்கு நாமும் ஹை பீம் போட்டு நிற்பது, பார்வை இல்லாத ஓட்டுநர் ஒருவர் இருந்த இடத்தில் இருவரை ஆக்குவது. அவர் லைட்டைப் பார்க்காதீர்கள். பார்வையை இடது ஓரக்கோட்டில் வைத்து, ஆக்ஸிலேட்டரை விட்டு, அந்தக் கோட்டைப் பிடித்தபடி வாருங்கள். பின்னால் வருகிறவர் கண்ணும் கூசியிருக்கும் என்பதால் திடீர் பிரேக் வேண்டாம்.

முன்னால் போகும் வண்டியின் பின்னால் ஹை பீமில் போவதை யாரும் தப்பாகவே நினைப்பதில்லை. அவருக்கு மூன்று கண்ணாடியிலும் வெளிச்சம் அடிக்கிறது. உள்கண்ணாடிக்கு அடியில் உள்ள சிறு பிடியைத் தட்டினால் கூச்சம் குறையும், ஆனால் பக்கக் கண்ணாடிகளுக்கு அந்த வசதி பெரும்பாலும் இல்லை. ஓவர்டேக் செய்யும்போது ஒரு முறை டிம் டிப் அடித்து, லோ பீமிலேயே பக்கவாட்டுக்கு வந்து, நம் முன்பக்கம் அவரைத் தாண்டிய பிறகு ஏற்றுங்கள். இன்னொன்று: நம் ஊரில் எதிரே வருகிறவர் லைட் அடித்தால் பெரும்பாலும் "நான் வருகிறேன், நில்" என்று பொருள். "நீ போ" என்று எடுத்துக்கொண்டு குறுக்கே திருப்பிவிடாதீர்கள்.

மலைப்பாதையில் ஹை பீமுக்கு வேலை குறைவு. ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் கொல்லிமலையின் 70 வளைவுகளிலும், திரும்பும்போது நம் லைட் பள்ளத்தாக்கைத்தான் பார்க்கும், ரோட்டை அல்ல. வளைவுக்கு முன் ஒரு டிம் டிப், ஹாரன், பிறகு லோ பீம். மார்கழியில் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் மூடுபனி இறங்கினால் ஹை பீம் போடவே கூடாது. பனித்துளியில் பட்டு வெளிச்சம் நம் கண்ணுக்கே திரும்பி, முன்னால் வெள்ளைச் சுவர் எழும்பும். லோ பீமும், தாழ்வாகப் பொருத்திய பனி விளக்கும் போதும். காட்டுச் சாலையில் மானும் முயலும் ஹை பீமில் திகைத்து ரோட்டிலேயே நின்றுவிடும். பந்திப்பூர் வழியே இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துத் தடை இருப்பது பலருக்கும் தெரியும். தடை இல்லாத காட்டுப் பகுதிகளில் லோ பீமும் 30, 40 கி.மீ. வேகமும்தான் முறை.

வண்டியில் என்ன கெடுகிறது

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 106-வது விதி ஒரு அளவையே சொல்கிறது: தாழ்த்திய ஒளி, 8 மீட்டர் முன்னால், விளக்கின் வலது விளிம்பிலிருந்து அரை மீட்டர் தள்ளி, ஒன்றரை மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணைக் கூசச் செய்யக்கூடாது. பைக்கில் வருகிறவரின் கண் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கும். சந்தையில் கிடைக்கும் எல்இடி மாற்று பல்புகள் பலவும் இந்த அளவில் தோற்றுப்போகும். எச்4 ஹாலஜன் பல்பில் 60 வாட் இழை ஹை பீமுக்கு, 55 வாட் இழை லோ பீமுக்கு. லோ பீம் இழைக்கு அடியில் ஒரு சிறு உலோகக் கிண்ணம் இருக்கும். அதுதான் அந்த விளிம்பை வெட்டுகிறது. பின்னால் உள்ள ரிஃப்ளெக்டர் அந்த இழையின் இடத்துக்கென்றே வார்த்தது. எல்இடி மாட்டி, ஒளி வரும் புள்ளி ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் விளிம்பு கலைந்து வெளிச்சம் மேலே சிதறும். அருகில் பளீரென்று இருப்பதால் ஓட்டுகிறவருக்கு நல்ல லைட் என்று தோன்றும், தூரத்தில் எதுவும் தெரியாது.

100/90 வாட் பல்ப் போடுவது இன்னொரு வழக்கம். இரண்டு விளக்குக்கும் சேர்த்து ஹை பீமில் 10 ஆம்பியர் போன வயரில் அப்போது 16 ஆம்பியருக்கு மேல் ஓடும். ரிலே (அதிக மின்சாரத்தைத் தாங்கும் தனி சுவிட்ச்) இல்லாமல் போட்டால் ஹோல்டர் உருகும், சுவிட்ச் கருகும், ரிஃப்ளெக்டரின் பூச்சு மங்கி உள்ள வெளிச்சமும் போய்விடும். மங்கலுக்குக் காரணம் பல நேரம் பல்பே இல்லை: மஞ்சள் பூத்த விளக்குக் கண்ணாடி, துருப்பிடித்த எர்த் வயர், உட்புறம் எண்ணெய்ப் படலம் படிந்த முன்கண்ணாடி. முதலில் இவற்றைப் பாருங்கள்.

புது பல்ப் மாட்டிய அன்றே சுவர்ச் சோதனை செய்துவிடுங்கள். எச்4 பல்பின் மூன்று காதும் பள்ளத்தில் சரியாக உட்காராமல் கம்பியை மாட்டிவிட்டால் லோ பீமும் ஹை பீம் போலவே அடிக்கும். சமதளம், டயரில் சரியான காற்று, ஓட்டுநர் இருக்கையில் ஒருவர், டேஷ்போர்டில் ஒளியின் உயரம் மாற்றும் திருகு 0-வில். சுவருக்கு மிக அருகே கொண்டுபோய் விளக்கு மையத்தின் உயரத்தை டேப் ஒட்டிக் குறியுங்கள். நேராக 5 மீட்டர் பின்னால் வாருங்கள். ஒரு விளக்கை அட்டையால் சிறிது நேரம் மறைத்து மற்றதைப் பாருங்கள். விளிம்பு டேப்புக்கு 5 செ.மீ. கீழே நிற்க வேண்டும். 10 மீட்டரில் 10 செ.மீ. சில வண்டிகளில் விளக்கின் மேலோ பானெட்டுக்குள்ளோ 1.2% (மீட்டருக்கு 1.2 செ.மீ.) என்பது போல வேறு அளவு அச்சிட்டிருக்கும். அப்போது அதையே பின்பற்றுங்கள். விளக்கின் பின்னால் இரண்டு திருகுகள்: ஒன்று மேல் கீழ், மற்றது இட வலம்.

பின்சீட்டில் மூன்று பேரும் டிக்கி நிறையச் சாமானும் ஏறினால் பின்பக்கம் அமுங்கி விளக்கு வானத்தைப் பார்க்கும். டேஷ்போர்டில் உள்ள 0, 1, 2, 3 திருகு அதற்காகத்தான். எண் கூடக்கூட ஒளி தாழும். பைக்கில் பின்னால் ஆள் உட்கார்ந்தாலும் இதே கதை; ஷாக் அப்சார்பரைக் கெட்டிப்படுத்திக்கொள்ளலாம். 2017 ஏப்ரல் முதல் புது இருசக்கர வாகனங்களில் ஹெட்லைட் பகலிலும் தானாக எரிகிறது. அது லோ பீமில் இருக்க வேண்டும். சுவிட்ச் ஹை பீமிலேயே மறந்து கிடக்கும் வண்டிகளை ஒவ்வொரு சிக்னலிலும் பார்க்கிறோம்.

தானாக ஏறி இறங்கும் ஹை பீம் உள்ள புதிய கார்களை முழுதாக நம்பிவிடாதீர்கள். அதை இயக்கும் கேமரா தேடுவது மற்ற வண்டிகளின் விளக்கை. விளக்கில்லாத சைக்கிளும் நடந்து வருபவரும் அதற்கு வண்டியே அல்ல.

வண்டியில் எல்லாம் சரியாக இருந்தும் எதிர் லைட்டில் தடுமாறுகிறீர்கள் என்றால் கண்ணைப் பாருங்கள். கண்புரை தொடங்கும்போது கண்ணின் லென்ஸே வெளிச்சத்தைச் சிதறடிக்கும். சர்க்கரை நோயால் விழித்திரை பாதித்தவர்களுக்கும், அதற்கு லேசர் சிகிச்சை எடுத்தவர்களுக்கும் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் பழக அதிக நேரம் ஆகலாம். இரவு ஓட்டுவதற்கென்று விற்கும் மஞ்சள் கண்ணாடி இருக்கிற வெளிச்சத்தையும் குறைக்கும், வாங்க வேண்டாம். கண் மருத்துவரிடம் போகும்போது "ராத்திரி எதிர் லைட்ல தெரியல" என்று தனியாகச் சொல்லுங்கள். பலகையில் எழுத்துப் படிக்கும் சோதனையில் மட்டும் இது பிடிபடாது.