மூடியை இறுக்குமுன் வாயு எவ்வளவு வரும் என்று பாருங்கள்

சோடியம் பைகார்பனேட்டும் சிட்ரிக் அமிலமும் பள்ளி ஆய்வகத்தில் யாரும் பயப்படாத பொருள்கள். ஆனால் நீரில் கலந்தால் இரண்டும் வினைபுரிந்து வாயு வெளிவரும். 8.4 கிராம் பைகார்பனேட் என்பது 0.1 மோல் (மூலக்கூறு நிறையைக் கிராமில் எடுத்த அளவே ஒரு மோல்; இங்கே அது 84 கிராம்). சமன்செய்த சமன்பாட்டில் 3 மோல் பைகார்பனேட்டுக்கு 1 மோல் சிட்ரிக் அமிலம். வெளிவருவது 3 மோல் கார்பன் டைஆக்சைடு. ஆகவே 0.1 மோல் வாயு, அதாவது 25 டிகிரி செல்சியஸில் சுமார் 2.45 லிட்டர். இதை 100 மில்லி நீர் உள்ள 250 மில்லி குடுவையில் போட்டு அடைத்தால் மீதி இடம் 150 மில்லிதான். கணக்குப்படி உள்ளே 16 வளிமண்டல அழுத்தம் கூடும். நீரில் கரைவதைக் கழித்தாலும் 10-க்குக் குறையாது. சாதாரணக் கண்ணாடிக் குடுவை இதற்காகச் செய்யப்பட்டதல்ல.

பெரும்பாலான பிழைகள் 22.4 லிட்டர் என்ற எண்ணில் தொடங்குகின்றன. அது 0 டிகிரி, 1 வளிமண்டல அழுத்தத்துக்கு மட்டும் உரிய மோலார் பருமன், அதாவது ஒரு மோல் வாயு பிடிக்கும் இடம். 25 டிகிரியில் 24.5 லிட்டர். அறை வெப்பநிலையில் 22.4 போட்டால் விடை ஒன்பது விழுக்காடு அளவுக்குக் குறைந்துவிடும். பாதுகாப்புக் கணக்கில் குறைத்து மதிப்பிடுவதுதான் ஆபத்து.

அடுத்தது, மோல் விகிதத்தை அப்படியே பருமன் விகிதமாக எடுப்பது. 1808-இல் கே-லுசாக் சொன்ன பருமன் விதி வாயுக்களுக்கே பொருந்தும், அதுவும் ஒரே வெப்பநிலை, ஒரே அழுத்தத்தில். திண்மமோ கரைசலோ இருந்தால் முதலில் மோலுக்குப் போங்கள், பிறகு லிட்டருக்கு வாருங்கள்.

வினைக் கட்டுப்பாட்டுக் காரணியையும், அதாவது முதலில் தீர்ந்துபோய் வினையை நிறுத்தும் பொருளையும், பார்க்க வேண்டும். அதே 8.4 கிராமுக்கு 6.4 கிராம் நீரற்ற சிட்ரிக் அமிலம் தேவை. 5 கிராம்தான் போட்டீர்கள் என்றால் வாயு 1.91 லிட்டரோடு நின்றுவிடும். புட்டியில் இருப்பது ஒற்றை நீரேறிய சிட்ரிக் அமிலம் (ஒவ்வொரு மூலக்கூறோடும் ஒரு நீர் மூலக்கூறு சேர்ந்தது) என்றால் அதே 5 கிராமுக்கு 1.75 லிட்டர்தான், லேபிளில் மூலக்கூறு நிறை 192-ஆ 210-ஆ என்று பார்த்துவிட்டு எடை போடுங்கள். அடைத்த கலத்தின் அழுத்தத்தைக் கணக்கிடும்போது மட்டும் வாயு அதிகபட்சமாக வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அளந்த பருமன் கணக்கோடு ஒத்துப்போகாவிட்டால், உடனே கணக்கைச் சந்தேகிக்க வேண்டாம். நீரின் மேல் சேகரித்த வாயுவில் நீராவியும் கலந்திருக்கும்; 25 டிகிரியில் அதன் பங்கு 24 மில்லிமீட்டர் பாதரசம், ஏறக்குறைய 3 விழுக்காடு. அதைக் கழித்த பிறகே ஒப்பிடுங்கள். கார்பன் டைஆக்சைடு அந்த நீரிலேயே கரைந்து இன்னும் குறையும் என்பதால், அதை வாயு ஊசிக்குழலில் சேகரிப்பதே நல்லது. ஊசிக்குழலின் உலக்கை (உள்ளே நகரும் தண்டு) தடையின்றி நகர்கிறதா என்று முதலில் இழுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.