டை கடைவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் வட்டாரத்தில் லேத் பட்டறைக்கு வரும் வேலைகள் பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவை. ரப்பர் ஷீட் அடிக்கும் உருளை தேய்ந்திருக்கும், வள்ளத்து எஞ்சினின் ஷாஃப்ட் வளைந்திருக்கும், முந்திரி ஆலைக்காரருக்கு ஏதாவது ஒரு புஷ் அவசரமாக வேண்டியிருக்கும். இந்த வரிசையில் சேராத ஒரு வேலையை இப்போது இளைஞர்கள் சிலர் கொண்டுவருகிறார்கள். செல்போனில் வெளிநாட்டு வீடியோ ஒன்றைக் காட்டி, மெல்லிய தகட்டை வட்டமாக வெட்டி, விளிம்பை மடக்கிச் சட்டைப் பொத்தான் அளவில் சின்னக் கிண்ணம் ஆக்குகிற பஞ்சும் (தகட்டை அழுத்தும் தண்டு) டையும் (அது இறங்கும் குழி அச்சு) கடைந்து தரச் சொல்கிறார்கள். அடுத்த கேள்வி, "இதற்கு ஏற்ற தகடு எந்தக் கடையில் கிடைக்கும், அண்ணாச்சி?"

அந்தக் கிண்ணத்துக்கு 'கேஸ் செக்' (gas check, வாயுத் தடுப்பு) என்று பெயர். ஈயத்தை உருக்கி வார்த்த துப்பாக்கிக் குண்டின் அடிப்பாகத்தில் மாட்டுகிற மூடி அது. ஈயம் மென்மையான உலோகம். 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். தோட்டாவின் வெடிமருந்து எரிந்து எழும் சூடான வாயு குண்டின் அடியை அரித்துக்கொண்டு ஓரமாகப் பீறிடும்போது, ஈயம் குழலின் உட்சுவரில் அப்பிக்கொள்ளும். செம்பிலோ அலுமினியத்திலோ ஒரு மூடி இருந்தால் அது பெரும்பாலும் நடக்காது. அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குக் குண்டு வார்ப்பதற்கு அந்நாட்டு மத்திய அரசின் சட்டப்படி உரிமம் தேவையில்லை. அதனால் அங்கே இது பலருக்கு ஓய்வுநேரப் பொழுதுபோக்கு. கூரை ஓரத்துக்கு அடிக்கும் அலுமினியத் தகடு, குளிர்பான டின், மிஞ்சிப்போன செம்புத் தகடு என்று கையில் கிடைப்பதையெல்லாம் வெட்டிப் பார்க்கிறார்கள். வீடியோவில் காட்டுவது அந்த ஊர் நடப்பு. பார்க்கிறவர் இருப்பது குலசேகரத்திலோ கருங்கலிலோ.

தகட்டைப் பற்றி முதலில் பேசிவிடுகிறேன். தொழில்காரனுக்கு அதுதான் முதலில் கண்ணில் படும். பளபளவென்று இருந்தால் எந்தத் தகடும் ஒன்றுதான் என்று இவர்கள் நினைக்கிறார்கள். நம் கடைகளில் தகட்டை கேஜ் எண் சொல்லி வாங்குகிறோம். எண் கூடக் கூடத் தகடு மெலியும். நாம் பழகிய பிரிட்டிஷ் அளவில் 26 கேஜ் என்றால் ஏறக்குறைய 0.46 மில்லிமீட்டர், 30 கேஜ் என்றால் 0.32. அமெரிக்கர் அலுமினியத்துக்கும் செம்புக்கும் பயன்படுத்தும் கேஜ் வேறு. அதில் அதே 26 ஏறக்குறைய 0.40 மில்லிமீட்டர்தான். டையில் பஞ்சுக்கும் குழிக்கும் இடையே விடுகிற இடைவெளியே மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு என்று போகிற வேலையில் இந்த வித்தியாசம் சின்னதில்லை. வீடியோவில் சொன்ன எண்ணை அப்படியே இங்கே கடையில் சொல்லி வாங்கினால், தொடக்கத்திலேயே வேலை கோணிவிடும்.

கடினமும் ஒரு பிரச்சினை. கூரைக்கு வரும் அலுமினியத் தகடு உருளையில் நசுங்கி இறுகிப்போனது. அதைக் கிண்ணமாக இழுத்தால் மடிப்பில் முதலில் தலைமயிர் போல ஒரு கோடு தெரியும். நகத்தால் தடவினால் தட்டும். அடுத்த அழுத்தலில் விளிம்பு பல் பல்லாகக் கிழியும். ஒரு தம்பி கொண்டுவந்து காட்டிய கிண்ணங்களில் முழு வட்டமாக நின்றது ஒன்றுகூட இல்லை. இப்படி அரைகுறையாக மாட்டிய மூடி குழலுக்குள்ளேயே கழன்று தங்கிவிட்டால், அடுத்த வெடியில் குழல் பிளக்கலாம். குழலுக்கு அருகில் இருப்பது சுடுகிறவரின் கையும் முகமும்.

இனி சட்டம். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் 'வெடிபொருள்' (ammunition) எது என்று வரையறுக்கும் 2(1)(b) பிரிவைப் பட்டறைக்காரர்கள் ஒருமுறையாவது படிக்க வேண்டும். தோட்டாவோடு அது நின்றுவிடவில்லை. தோட்டாவின் பாகங்களும், தோட்டா தயாரிக்கும் இயந்திரங்களும் அந்த வரையறைக்குள் வருகின்றன. குண்டின் அடியில் மாட்டுவதற்கென்றே செய்த மூடி ஒரு பாகம். அதை அடிப்பதற்கென்றே கடைந்த டையைத் தயாரிப்பு இயந்திரம் என்று காவல்துறை எழுதினால், மறுத்து வாதாடுவது பட்டறைக்காரரின் தலைவலி. உரிமம் இல்லாமல் தயாரிப்பதை 5-ஆம் பிரிவு தடுக்கிறது. 25-ஆம் பிரிவின்படி தண்டனை, 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 7 ஆண்டுச் சிறை. ஆயுள் வரை போகலாம். சில நூறு ரூபாய்க் கூலிக்கு இது எந்த மாதிரி வியாபாரம் என்று அவரவர் கணக்குப் போட்டுக்கொள்ளட்டும். தகடு விற்கும் கடைக்காரருக்கு இவ்வளவு பயம் வேண்டாம். செம்புத் தகடு செம்புத் தகடுதான். நோக்கம் தெரிந்தே எடுத்துக் கொடுத்தால் கதை வேறு.

இந்த மூடிக்கு இங்கே யாருக்குத் தேவை இருக்கிறது என்று யோசித்தால் விஷயம் இன்னும் வேடிக்கையாகிறது. ஏர்கன்னில் மருந்தே இல்லை, காற்றுதான். அரிப்பதற்குச் சூடான வாயு ஏது? உரிமத்தோடு வீட்டில் இருக்கும் இரட்டைக்குழல் 12 போர் துப்பாக்கிக்குச் சிறு ஈயக் குண்டுகள் நிரப்பிய தோட்டா கடையில் கிடைக்கிறது. அதற்குள் இந்தக் கிண்ணத்துக்கு வேலை இல்லை. ரைஃபிள் உரிமம் உள்ளவர் வாங்கும் ஆலைத் தோட்டாவில் பெரும்பாலும் ஈயத்தின் மேல் ஏற்கெனவே உலோக உறை போர்த்தியிருக்கும். ஆக, சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கும் எவருக்கும் இது வேண்டியதில்லை. வீட்டில் ஈயம் வார்த்துக் குண்டு செய்ய நினைப்பவருக்கு மட்டும்தான் வேண்டும். அப்படி ஒருவர் வந்து நின்றால், அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி தகட்டைப் பற்றியது அல்ல.

"தோட்டத்தில் காட்டுப்பன்றி தொல்லை தாங்கவில்லை" என்பது அடிக்கடி வரும் பதில். பொய்யென்று சொல்ல மாட்டேன். பேச்சிப்பாறை, பெருஞ்சாணிப் பக்கம் மரச்சீனி (மரவள்ளி) போட்டவர்களின் நிலைமை எனக்குத் தெரியும். ஒரே இரவில் ஒரு வயல் கிளறிப் போடப்பட்டிருக்கும். ஆனால் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பன்றிக்கும் பொருந்தும். காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடுவதற்கு 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வழிசெய்தபோதும், சுடும் பொறுப்பை வனத்துறையிடம்தான் வைத்தது. விவசாயி கையில் துப்பாக்கி எடுக்கலாம் என்று அதற்குப் பொருள் இல்லை. அந்த ஏற்பாடு மெதுவாகத்தான் நடக்கிறது என்ற கோபம் நியாயமானது. கோபத்தை மனுவாக எழுதி ரேஞ்சர் அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்க வேண்டும்.

ஈயத்தைப் பற்றியும் ஒரு சொல். இது துப்பாக்கியோடு மட்டும் முடிகிற சங்கதி இல்லை. நம் கடற்கரை ஊர்களில் வலைக்கும் தூண்டிலுக்கும் ஈயக் குண்டு வீட்டு முற்றத்திலேயே வார்ப்பவர்கள் உண்டு. பழைய பேட்டரியை உடைத்து எடுத்த ஈயம், சமையலுக்குப் புழங்கிய சட்டி, பக்கத்தில் குழந்தைகள். பேட்டரி ஈயத்தில் அமிலமும் வேறு கலப்புகளும் ஒட்டியிருக்கும். உருக்கும்போது மேலே திரளும் சாம்பல் நிறக் கசடைத்தான் நான் அதிகம் பயப்படுவேன்: அதை வழித்து மண்ணில் கொட்டுவார்கள், காய்ந்து தூளாகும், தவழும் குழந்தையின் கையில் ஒட்டி வாய்க்குப் போகும். குழந்தையின் இரத்தத்தில் ஈயம் இவ்வளவு இருந்தால் ஆபத்தில்லை என்று சொல்ல ஓர் அளவே அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வார்த்தே ஆக வேண்டுமென்றால் திறந்தவெளியில், வீட்டிலிருந்து தள்ளி, அதற்கென ஒதுக்கிய இரும்புச் சட்டியில் வார்க்க வேண்டும். ஈரமான அச்சில் ஈயத்தை ஊற்றவே கூடாது. நீர் ஆவியாகி உருகிய ஈயம் முகத்தில் தெறிக்கும். முடித்ததும் உடுப்பை மாற்றி, கைகழுவிய பிறகுதான் பிள்ளையைத் தூக்க வேண்டும்.

பட்டறை நடத்துகிறவர்களுக்கு என் யோசனை எளியது. டை வேலை எதுவானாலும் எந்தப் பொருளுக்கு என்று கேட்டு, பெயர், முகவரி, படத்தோடு ஆர்டர் புத்தகத்தில் எழுதி, கையெழுத்து வாங்குங்கள். வடசேரியில் கோவில் நகை செய்கிறவர்களுக்குக் கல் பதிக்கும் சின்னக் கிண்ணம் வேண்டியிருக்கலாம். பொத்தானுக்கும் விளக்குக்கும் இதேபோன்ற டை வேண்டியிருக்கலாம். அவர்கள் தயங்காமல் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். கொண்டுவந்த மாதிரியைச் சட்டைப்பைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டு, "அப்புறம் வருகிறேன்" என்று நழுவுகிறவருக்கு அந்த வேலையைச் செய்து கொடுக்காதீர்கள்.