குடும்பமே கேட்டு வாங்கக்கூடிய சூதாட்டக்கூடத் தடை

சிங்கப்பூரில் சூதாட்டக்கூடங்கள் இரண்டே இரண்டு: மரினா பே சாண்ட்ஸ், ரிசார்ட்ஸ் வேர்ல்டு செந்தோசா. சுற்றுப்பயணிகளையும் வேலைவாய்ப்பையும் மனத்தில் வைத்து 2005இல் அரசாங்கம் இவற்றுக்கு இசைவு தந்தது. 2010இல் இரண்டும் திறந்தன. உள்ளூர்க் குடும்பங்களின் பணம் அங்கே கரையாமலிருக்கச் சட்டத்திலேயே சில தடுப்புகளையும் வைத்தார்கள்.

எல்லாருக்கும் தெரிந்தது நுழைவுக் கட்டணம். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஆண்டு முழுவதற்கும் என்றால் 3,000 வெள்ளி கட்ட வேண்டும். 2019 ஏப்ரல் வரை இது 100, 2,000 என்று இருந்தது. இந்தப் பணம் டோட்டலிசேட்டர் வாரியம் என்ற அரசாங்க அமைப்பு வழியாகச் சமூகப் பணிகளுக்குப் போகிறது. 21 வயது நிரம்பாதவருக்கு உள்ளே இடமில்லை.

சரி, பழக்கம் முற்றிய ஒருவரை 150 வெள்ளி தடுத்துவிடுமா? கட்டியதையும் சேர்த்து எடுத்துவிடலாம் என்றுதான் அவர் உட்காருவார். அவருக்குத் தேவை, உள்ளே நுழையவே விடாத தடை உத்தரவு. பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை என்பதுதான் வருத்தம்.

திவாலானவர்கள், அரசாங்க நிதி உதவி பெறுவோர், வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வாடகை வீட்டில் ஆறு மாத வாடகை பாக்கி வைத்திருப்போர் ஆகியோருக்குத் தடை தானாகவே வந்துவிடும். மற்றவர்கள் தாங்களே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் வெளிநாட்டு ஊழியர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. அதனால் சம்பள நாளன்று கையில் பணத்தோடு நேராக உள்ளே போய்விட முடியும். ஊருக்கு அனுப்ப வேண்டிய பணத்தைக் காப்பாற்ற, தன் பெயரில் தானே தடை போட்டுக்கொள்வது நல்ல வழி.

அப்புறம் குடும்பத் தடை. கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் விண்ணப்பிக்கலாம். சூதாட்டத்தால் குடும்பத்துக்கு நேர்ந்த பாதிப்பைக் குழு ஒன்று விசாரித்து முடிவு செய்யும். கடன் கடிதம், வங்கிக் கணக்கு விவரம் போன்றவை கையில் இருந்தால் எடுத்துப் போங்கள். முழுத் தடை வேண்டாம் என்றால் மாதத்துக்கு இத்தனை முறைதான் போகலாம் என்று வரம்பு கேட்கவும் வழி இருக்கிறது.

விண்ணப்பங்களைச் சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றம் கவனிக்கிறது. ஆலோசனைக்கான உதவி எண் 1800-6-668-668.