கீறல் இல்லை என்றால் ஸ்ட்ரெஸ் (வார்ப்பு ஆறும்போது உள்ளே தங்கிவிடும் இறுக்கம்) இல்லை என்று யார் சொன்னது?

இந்த மாதத்தில் இது மூன்றாவது லேத் பெட் (கடைசல் இயந்திரத்தின் வார்ப்பிரும்பு அடித்தளம்). கோவையில் வார்த்தது. மிஷினிங் முடிந்த அன்று மட்டம் சரியாக இருந்திருக்கிறது, மறுநாள் காலை டயல் கேஜ் (மேடுபள்ளம் காட்டும் கருவி) வைத்துப் பார்த்தால் நடுவில் 0.3 மி.மீ. தூக்கிக்கொண்டு நிற்கிறது. பவுண்டரிக்காரரிடம் கேட்டால் எப்போதும் வரும் அதே பதில்: "சார், ஒரு கீறல்கூட இல்லையே, டிபி டெஸ்ட்கூட (சாயம் தடவிக் கீறல் தேடும் சோதனை) பண்ணியாச்சு, அப்புறம் எங்கிருந்து ஸ்ட்ரெஸ் வரும்?"

தயவுசெய்து இதை ஒரு முறை பொறுமையாகப் படியுங்கள். கீறல் விட்ட காஸ்டிங்கில் (வார்ப்பில்) ஸ்ட்ரெஸ் அந்த இடத்தில் தீர்ந்துவிட்டது. கீறல் விடாத காஸ்டிங்கில்தான் அது முழுசாக உள்ளே உட்கார்ந்திருக்கிறது. தடித்த பாகம் இழுக்கிறது, மெல்லிய பாகம் எதிர்த்து நிற்கிறது, இரண்டும் சமமாக இருக்கும்வரை வெளியே ஒன்றும் தெரியாது. மிஷினில் ஒரு பக்கத் தோலைச் சீவி எடுத்ததும் அந்தச் சமநிலை போகிறது, பெட் வளைகிறது. டிபி டெஸ்ட் கீறலைக் காட்டும், அவ்வளவுதான்.

நம்பாதவர்களுக்கு நான் செய்து காட்டுவது ஒன்றுதான். நடுவில் தடித்த கம்பி, இரு பக்கமும் மெல்லிய கம்பி, மூன்றையும் இரு முனைகளிலும் சேர்த்து ஒரு சட்டம், அதே இரும்பில் அதே மண்ணில் ஊற்றி ஆறவிட வேண்டும். நடுக் கம்பியில் ஒரு ஸ்ட்ரெயின் கேஜ் (நீள மாற்றத்தை அளக்கும் சிறு பட்டை) ஒட்டி, சற்றுத் தள்ளி ரம்பத்தை வைத்து அறுங்கள். முழுசாக அறுபடும் முன்பே 'டப்' என்று தானாக உடைந்து, இடைவெளி விரியும். கேஜில் 500 மைக்ரோஸ்ட்ரெயின் (நீளத்தில் பத்து லட்சத்தில் 500 பங்கு) மாறியது என்று வையுங்கள், சாம்பல் வார்ப்பிரும்புக்கு மீள்மை எண்ணைச் சுமார் 1,00,000 மெகாபாஸ்கல் என்று எடுத்து இரண்டையும் பெருக்கினால் ஸ்ட்ரெஸ் 50 மெகாபாஸ்கல். எஃப்ஜி 200 என்ற சாம்பல் வார்ப்பிரும்பு ரகத்தின் இழுவலிமையே 200தான்! ஒரு சுமையும் ஏற்றாமலேயே கால்வாசி போய்விட்டது.

ஆறும்போது வரும் சுருக்கத்தையும் அளந்து பாருங்கள். பேட்டர்னில் (வார்ப்பு மாதிரியில்) சுருக்கத்துக்காக மீட்டருக்கு 10 மி.மீ. கூடுதலாக விட்டிருக்கிறீர்கள், காஸ்டிங் 8 மி.மீ.தான் சுருங்கியது என்றால் "சைஸ் பெரிசா வந்தது, நல்லது" என்று சந்தோஷப்படாதீர்கள். கோர் (உள்வெற்றிடத்துக்கு வைக்கும் மண் கரு) கெட்டியாக இருந்து அதைச் சுருங்கவிடாமல் பிடித்திருக்கிறது.

அப்புறம் நாக்-அவுட், அதாவது மண் அச்சுப் பெட்டியை உடைத்து வார்ப்பை வெளியே எடுப்பது. கடிகாரத்தைப் பார்த்துப் பெட்டியை உடைப்பதை முதலில் நிறுத்துங்கள். தடித்த இடத்தில் ஒன்று, மெல்லிய விலாவில் ஒன்று என்று இரண்டு கே-டைப் தெர்மோகப்பிள் (வெப்பநிலை காட்டும் கம்பி) போதும். 600 டிகிரிக்கு மேல் இரும்பு இழுத்த இழுப்புக்கு வரும். 400-க்குக் கீழே வராது. இடைப்பட்ட அந்த நேரத்தில் இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவும் ஸ்ட்ரெஸாகப் பூட்டிக்கொள்ளும், அந்த நேரத்தில்தான் பெட்டியைத் திறந்து காற்றில் வைக்கிறீர்கள். சில இடங்களில் தண்ணீர்கூட அடிக்கிறார்கள். தடித்த இடம் 300-க்குக் கீழே வரும்வரை மண்ணுக்குள் கிடக்கட்டும்.

ஸ்ட்ரெஸ் ரிலீவிங் (உலையில் சூடாக்கி ஸ்ட்ரெஸை எடுப்பது) இருக்கிறதே என்பவர்களுக்கு: 550 முதல் 600 டிகிரி, 25 மி.மீ. கனத்துக்கு ஒரு மணி நேரம், பிறகு உலைக்குள்ளேயே மெதுவாக ஆற வேண்டும். 500-ல் கதவைத் திறந்து கிரேனில் தூக்கினால் எடுத்த ஸ்ட்ரெஸை நீங்களே திரும்ப ஏற்றுகிறீர்கள்.

பெட்டி பற்றாக்குறை, காலையில் லாரி வந்து நிற்கும், எல்லாம் எனக்கும் தெரியும். லேத் பெட் ஊற்றும் அந்தப் பெட்டியை மட்டுமாவது இன்றிரவு திறக்காமல் விடுங்கள்.