ஜல்லிக் குவியலில் டைனோசர் தேடும் பிள்ளைகள்

நிலவியல் வேலையில் இருப்பதால், பள்ளி விடுமுறை வந்தாலே என் வாட்ஸ்அப்பில் கல் படங்களாகக் குவியும். “சார், பையன் தோட்டத்துல எடுத்தான். ஃபாசிலா பாருங்க.” ஃபாசில் என்றால் பழங்கால உயிரின் கல்லாகிப்போன எச்சம். படத்தில் இருப்பது பெரும்பாலும் அது இல்லைதான். பிள்ளை முகம் வாடக்கூடாதே என்று தெரிந்தே தலையாட்டிவிடும் பெற்றோரும் உண்டு. அது வேண்டாம்.

முதலில் அந்தக் கல் எங்கிருந்து வந்தது என்று விசாரியுங்கள். வீடு கட்டி மிஞ்சிய கருங்கல் ஜல்லி என்றால் எவ்வளவு கிளறினாலும் ஒன்றும் கிடைக்காது. சார்னோக்கைட், நைஸ் போன்ற அந்தப் பாறைகள் பூமிக்கு வெகு ஆழத்தில், கடும் வெப்பத்தில் உருவானவை. அங்கே சிப்பிக்கு என்ன வேலை?

அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சரளை என்றால் கதையே வேறு. டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலகட்டமான கிரெட்டேசியஸில் அங்கே கடல் இருந்தது. கல்லங்குறிச்சி வட்டாரப் பாறையில், ஏறத்தாழ 7 கோடி ஆண்டுக்கு முந்தைய கிரைஃபியா சிப்பிகள் கொத்துக் கொத்தாக இருக்கின்றன. சுண்ணாம்புக்கல்லோடு சேர்ந்து அவையும் சிமெண்டாகிவிடுகின்றன. கிரைஃபியாவின் ஒரு ஓடு தடித்து உள்நோக்கி வளைந்திருக்கும், மற்றது ஏறக்குறையத் தட்டை. ஈரத்துணியால் துடைத்துவிட்டு லென்ஸை பிள்ளையிடம் கொடுங்கள். வளர்ச்சி வரிகள் அடுக்கடுக்காகத் தெரியும். ஓரத்தில் ஒரு சொட்டு வினிகர் விட்டால் நுரைக்கலாம். அதனால் அது சுண்ணாம்பு என்றுதான் ஆகும், ஃபாசில் என்று ஆகிவிடாது. நிறையப் பேர் இங்கேதான் குழம்புகிறார்கள்.

பெரம்பலூர் மாவட்டத்துக் காரை என்ற ஊர்ப் பக்கம் கிடைக்கும் பெலெம்னைட் (கணவாய் போன்ற பழங்காலக் கடலுயிரின் உள் ஓடு), பழுப்பு நிறத் துப்பாக்கித் தோட்டா மாதிரி இருக்கும். உடைந்த முகத்தைப் பார்த்தால் நடுவிலிருந்து இழைகள் சுற்றிலும் விரிந்து போகும். கல்மரம், அதாவது கல்லாகிப்போன மரம், பார்வைக்கு விறகுத் துண்டு, கையில் எடுத்தால் கனம், கண்ணாடியைக் கீறும்.

அப்புறம், ஏமாற்றும் கற்கள். கல்லின் பிளவில் கறுப்பாகப் பெரணி இலை வரைந்தது போல் இருந்தால் பெரும்பாலும் மாங்கனீசுக் கறைதான். நடு நரம்பு இருக்காது, மேலாகச் சுரண்டினால் போய்விடும். உருண்டைக் கற்கள் இன்னும் மோசம். 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கம் ஏரியில் பெரிய உருண்டைகள் தென்பட, ‘டைனோசர் முட்டை’ என்று படம் பரவியது. அவை முட்டையல்ல, அம்மோனைட் (சுருள் ஓடு கொண்ட பழங்கால உயிர்) போன்ற கடலுயிரைச் சுற்றிப் படிவு திரண்ட உருண்டைகள் என்று பார்த்துச் சொன்னார்கள் நிலவியலாளர்கள். என்னைக் கேட்டால் அதுவே சுவையான சேதி. ஆனால் அம்மோனைட்டை யார் ஃபார்வர்டு செய்வார்கள்!

திருவக்கரை கல்மரப் பூங்காவிலும், 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கும் பெரம்பலூர் மாவட்டச் சாத்தனூரிலும் பார்க்கலாம், ஒரு சில்லுகூட எடுக்கக்கூடாது. சுரங்கக் குழிக்குள் பிள்ளைகளோடு இறங்கவே வேண்டாம். சொந்தத் தோட்டத்தில் கிடைத்ததை ஊர், தேதி, சரளை வந்த இடம் எழுதிய சீட்டோடு டப்பாவில் போட்டு வையுங்கள். படம் அனுப்புவதானால் பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு வைத்து, உடைந்த பக்கத்தையும் சேர்த்து எடுங்கள்.