வில்லை வேகமாக இழுத்தால் சுருதி ஏன் ஏறுவதில்லை?

வயலின் கற்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: வில்லை எவ்வளவு வேகமாக இழுத்தாலும் சத்தம்தான் கூடுகிறது, சுருதி அப்படியே நிற்கிறதே, எப்படி? எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது.

தந்தியின் நீளம், கனம், முறுக்கு மூன்றும் சுருதியைத் தீர்மானிக்கும், இது பள்ளிப் பாடம். வில்லில் இழுத்துக் கட்டிய முடியில் தடவும் ரோசின் (பைன் மரப் பிசின்தான்) தந்தியைப் பற்றிக்கொள்ளும், தந்தி வில்லோடு கொஞ்சம் போகும், சட்டென்று நழுவும், மறுபடி ஒட்டும். முடியிலுள்ள செதில்கள்தான் தந்தியைக் கொக்கி போட்டு இழுக்கின்றன என்று இன்னும் சொல்கிறார்கள், அது சரியல்ல. ரோசின் படாத புது வில்லை இழுத்துப் பாருங்கள், சத்தமே வராது.

சரி, எப்போது நழுவ வேண்டும் என்று தந்திக்கு யார் சொல்வது? வாசிக்கும்போது தந்தி நடுவில் பருத்த மங்கலான பட்டையாகத் தெரிகிறது அல்லவா, உண்மையில் எந்தக் கணத்திலும் அது இரண்டு நேர்கோடுகள்தான், அவை சேருமிடத்தில் கூர்மையாக ஒரு மடிப்பு. அந்த மடிப்பு குதிரைக்கும் (தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டு) தந்தியை அழுத்தும் விரலுக்கும் இடையே ஓடி ஓடித் திரும்புகிறது, 440 ஹெர்ட்ஸ் தந்தியில் நொடிக்கு 440 முறை! மடிப்பு வில்லைத் தாண்டிக் குதிரைப் பக்கம் போகும்போது தந்தி நழுவுகிறது, குதிரையில் மோதித் திரும்ப வில்லைக் கடக்கும்போது ஒட்டுகிறது. ஆக, நேரம் குறிப்பது மடிப்பு. வில் கொடுப்பது ஆற்றல் மட்டும். வேகம் கூடினால் அசைவு பெரிதாகும், சத்தம் கூடும், அவ்வளவுதான்.

ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டில் இதை நுண்ணோக்கியில் கண்டார். 1918இல் இதற்கு விரிவான கணக்குப் போட்டவர் நம் சி.வி. ராமன், வயலினை இயந்திரத்தால் வாசிக்க வைத்தும் அளந்தார். கல்கத்தாவில் நிதித்துறை வேலைக்கு நடுவே தொடங்கிய ஆய்வு இது. இசைக்கருவி ஆய்வால் என்ன பயன் என்று கேட்டுப் பணத்தை நிறுத்துவது பெரிய தவறு என்பேன்.

வில் நுட்பங்கள் பலவும் இந்த மடிப்பைக் கையாளும் வழிகளே. அழுத்தம் குறைந்தால் ஒரே சுற்றில் இரண்டு முறை நழுவும், மிஞ்சினால் மடிப்பால் தந்தியை விடுவிக்க முடியாமல் கரகரக்கும். குதிரையை நெருங்க நெருங்க அதிக அழுத்தம் வேண்டும்; அதை வேண்டுமென்றே கொடுக்காமல் குதிரையை ஒட்டி இழுத்தால் மேல்சுரங்கள் கீச்சிடும், அதுதான் சுல் பொன்டிசெல்லோ. விரற்பலகைப் பக்கம் இழுக்கும் சுல் டாஸ்டோவில் நாதம் மென்மையாகும். மார்ட்டெலே என்ற அழுத்தமான வில்வீச்சில் வில்லை முதலிலேயே அழுத்தி வைத்து, நகரத் தொடங்கியதும் அழுத்தத்தை விட்டுவிடுகிறார்கள், முதல் நழுவலே சுத்தமாக அமைய வேண்டும் என்பதற்காக. புதிதாகக் கற்பவர் வில் வைத்ததும் வருகிற கீறல் சத்தம், மடிப்பு ஒழுங்காக ஓடத் தொடங்கும் முன் வருவது.