அழுத்தமேற்றி: ‘வாசோபிரஸ்ஸர்’ என்பதற்குத் தமிழ்

அறுவை அரங்கில் மயக்க மருந்தால் இரத்த அழுத்தம் தாழும்போது, அதை மீண்டும் உயர்த்த இரத்தக் குழாயில் ஊசி வழியே செலுத்தும் மருந்து வாசோபிரஸ்ஸர். இலத்தீனில் ‘வாஸ்’ என்றால் கலம், இங்கே இரத்தக் குழாய். பின்பாதி அழுத்துதலைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. இதைத் தமிழில் ‘இரத்த அழுத்த மருந்து’ என்று எழுதும் வழக்கம் மருத்துவமனைத் தாள்களில் தொடர்வதை ஏற்கவே முடியாது.

நம் ஊர்ப்பக்கம் அந்தத் தொடரைக் கேட்டால் நினைவுக்கு வருவது தினமும் போடும் பிரஷர் மாத்திரை, அதாவது அழுத்தத்தைக் குறைப்பது. மதுரை மருத்துவமனை ஒன்றில், மகளுக்குச் சிசேரியன் முடிந்தபின் தாளைப் படித்த திருமங்கலத்துத் தாய் ஒருவர், “எம் மகளுக்குப் பிரஷரே கெடையாதே, எதுக்கு இந்த மருந்தப் போட்டீக?” என்று செவிலியரிடம் பதறிக் கேட்டார். அவர் கேட்டது முற்றிலும் நியாயம். சிசேரியனுக்காக முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டால் இரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடித்திருக்கும் நரம்புகளும் மரத்துப்போகின்றன. குழாய்கள் தளர்ந்து அழுத்தம் சரிகிறது. தாய்க்குக் குமட்டல் வருவதோடு குழந்தைக்குச் செல்லும் இரத்தமும் குறையலாம். அதைத் தடுக்கத்தான் ஃபினைல்எஃப்ரின் என்ற வாசோபிரஸ்ஸர் கொடுக்கப்படுகிறது. அதே அரங்கில் அழுத்தம் எகிறினால் தணிக்க லபெட்டலால் போன்றவையும் உண்டு. பன்னாட்டுத் தர முறையில் ஏற்றும் மருந்தின் ஊசிக்குழலுக்கு முழு ஊதாச் சீட்டு, இறக்கும் மருந்துக்கு ஊதாவில் சாய்ந்த வெள்ளைக் கோடுகள். சீட்டுக்கே இவ்வளவு கவனம் எடுக்கும் துறையில், மொழிபெயர்ப்பாளர் இரண்டையும் ஒரே பெயருக்குள் அடைப்பது பொறுப்பின்மை. அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து ஒட்டுபவர்கள், படிப்பவர் அதை எப்படிப் புரிந்துகொள்வார் என்று ஒரு நொடியாவது எண்ண வேண்டாமா?

தனித்தமிழ் அன்பர்கள் முன்வைக்கும் ‘குழல்சுருக்கி’ இதைவிட மேல். ஆனாலும் அது குழாயைச் சுருக்கும் செயலை மட்டுமே சொல்கிறது. எஃபெட்ரின் என்ற மருந்து பெரிதும் இதயத்தைத் தூண்டியே அழுத்தத்தை உயர்த்துகிறது. அதுவும் வாசோபிரஸ்ஸர் வகையில்தான் வைக்கப்படுகிறது. ஆகவே வழியைச் சொல்லாமல் விளைவைச் சொல்லும் ‘அழுத்தமேற்றி’ என்பதே பொருந்தும், அதன் எதிர்ப்பதம் ‘அழுத்தமிறக்கி’. “பிரஷர் ஏறிருச்சு”, “எறங்கிருச்சு” என்று மேலூரிலும் உசிலம்பட்டியிலும் அன்றாடம் புழங்கும் வினைகளிலிருந்தே இவை இரண்டும் பிறக்கின்றன. நோயாளிக்கான தாளில் ‘தாழ்ந்த இரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்து’ என்று விரித்தே எழுதலாம். செவிலியர் வாய்மொழியாக “பிரஷர் ஏத்துற மருந்து” என்று சொன்னாலும் பொருள் கெடாது.